ஓடும்போது போட வயர் ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் வயரைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையில் நின்று கதைக்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக்கு ஏற்ற வயர் ஹெட்செட்டைக் குறைந்த காசில் எப்படித் தெரிந்தெடுப்பது என்பதுதான் இன்றைய கதை. 3,000, 4,000 ரூபாவுக்குள் ஒன்று வாங்கி, அது ஒரு வருடமாவது உழைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் வயர் என்று கேட்பீர்கள். புளூடூத் வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விலைக்குள் கிடைக்கும் புளூடூத்தில் காசின் பெரும்பங்கு பற்றரிக்கும் சில்லுக்கும் (சிப்) சார்ஜ் பெட்டிக்கும் போய்விடுகிறது. பற்றரி தளர்ந்தபின் அதைத் திறந்து மாற்றுவது நடக்காத காரியம். ஓடும்போது ஒரு பக்கம் கழன்று வாய்க்காலுக்குள் விழுந்தால் சோடியே வீண். வயரில் அந்தக் கவலை இல்லை, சார்ஜ் போட மறந்தேன் என்ற கதையும் இல்லை. இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. ரேடியோ வசதி உள்ள பெரும்பாலான போன்களில் ஹெட்செட்டின் வயர்தான் அன்ரெனா. அதைச் செருகினால்தான் எப்.எம். இழுக்கும். டேட்டா செலவில்லாமல் காலைச் செய்தி கேட்டபடி நடக்கும் அப்பாமாருக்கு இது பெரிய விஷயம்.

சரி, கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? எல்லோரும் பேஸ், அதாவது தும் தும் என்கிற தாழ்ந்த ஒலி, எப்படி அடிக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பாருங்கள். காதுக்குள் ஒலி எழுப்புகிற பாகம் இலகுவில் சாகாது. உடற்பயிற்சி செய்கிறவர்களின் ஹெட்செட்டில் பெரும்பாலும் முதலில் போவது வயர். அதிலும் குறிப்பாக இரண்டு இடங்கள்: போனில் செருகும் பின்னின் கழுத்து, பட்டனும் மைக்கும் இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி.

பின்னின் கழுத்தை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வயர் பின்னுக்குள் நுழையும் இடத்தில் மிருதுவான றப்பர் உறை ஒரு சென்ரிமீற்றராவது நீண்டு, வளைந்து கொடுக்க வேண்டும். உறை கட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழும், உள்ளே இருக்கிற மெல்லிய செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். காற்சட்டைப் பையில் போனை வைத்து ஓடுகிறவர்களுக்கு நேர்ப் பின்னைவிட எல் வடிவப் பின் நல்லது. தொடை மடியும் ஒவ்வொரு தடவையும் நேர்ப் பின் நெம்பப்படும். எல் பின் போனோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். போனை, பின் செருகியிருக்கிற பக்கம் மேலே வரும்படி பைக்குள் போடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, வயரின் ஆயுள் நன்றாகக் கூடும்.

அடுத்தது அந்த மைக் பெட்டி. எங்கள் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் நான் சொல்லத் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கே சேர்ட் நனைந்துவிடும். காதடியில் இருந்து வடிகிற வியர்வை வயர் வழியே இறங்கி நேராக அந்தப் பெட்டிக்குள் போகிறது. உள்ளே ஈரம் பட்டதும், பட்டனை யாரோ அமுக்குகிறார்கள் என்று போன் நினைத்துக்கொள்ளும். பாட்டுத் தானாக நிற்கும், சத்தம் தானாகக் கூடும், கூப்பிடாமலே குரல் உதவியாளர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கும். போன் பழுது என்று பயந்து கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஹெட்செட்டைக் கழற்றி, நிழலில் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். அதிகம் வியர்க்கிற உடம்பென்றால் பெட்டியின் மூட்டுகளில் இடைவெளி தெரியாத ஹெட்செட்டாகப் பாருங்கள். பட்டனே இல்லாதது கிடைத்தால் இன்னும் நல்லது.

ஹெட்செட் வருகிற அட்டைப் பெட்டியில் ஐபிஎக்ஸ் 4, ஐபிஎக்ஸ் 5 என்று போட்டிருப்பார்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற எண் அது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் குழாயால் பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடக்கலாம். ஓட்டத்துக்கும் ஜிம்முக்கும் 4 போதும். ஆனால் அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது, போதாததற்கு இந்தக் கடல் காற்றிலும் உப்பு. அதனால் எந்த எண் போட்டிருந்தாலும் பயிற்சி முடிந்ததும் வயரையும் பின்னையும் சற்று ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் அடைத்தால் பின் கறுத்து, கொஞ்ச நாளில் கரகரப்புத் தொடங்கிவிடும்.

இப்போது காதுக்கு வருவோம். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகக் கதைப்பேன், மன்னிக்க வேண்டும். காதை இறுக அடைக்கும் றப்பர் முனை உள்ள ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடாதீர்கள். நான் நிற்கிற இந்தப் பண்ணை வீதியையே பாருங்கள். தீவகத்துக்குப் போகிற பஸ்கள் இதால்தான் போகின்றன. பின்னால் வருகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வீதியில் ஓடுகிறவர்கள் காதை அடைக்காத வகையைத்தான் வாங்க வேண்டும். காதின் வாயில் இருக்கிற பழைய வகை இயர்போன், அல்லது காதுமடலில் கொளுவுகிற வகை. வலது பக்கமாக ஓடினால் வாகனங்கள் முன்னால் வருவது கண்ணுக்குத் தெரியும், அதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஜிம்முக்குள் இது அப்படியே மாறும். அங்கே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். திறந்த வகையைப் போட்டால் அதை வெல்லச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். காதை நன்றாக மூடுகிற றப்பர் முனை வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். சத்தத்தை டெசிபெல்லில் அளப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற பாதுகாப்பான அளவு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம். அதுவே 90 ஆனால் வாரத்துக்கு வெறும் 4 மணித்தியாலம்தான். பத்து டெசிபெல் கூடினதும் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. செவிப்புலன் போனால் திரும்பி வராது, தம்பிமாரே. மருந்தும் இல்லை.

றப்பர் முனை மூன்று அளவில் வரும். பலர் பொருத்தி வந்த நடு அளவோடேயே இருந்துவிடுகிறார்கள். பேஸ் இல்லை, கழன்று விழுகிறது என்று முறையிடுகிறவர்களில் அநேகருக்கு அளவுதான் பிழை. முனை காதை மூடாவிட்டால் பேஸ் வெளியே போய்விடும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரு பக்கம் பெரியதும் மறுபக்கம் சின்னதும் போடலாம்.

வயர் சட்டையில் உரசும்போது காதுக்குள் டொக் டொக் என்று கேட்கும். டாக்டரின் குழாய் நெஞ்சுச் சத்தத்தைக் கடத்துவது மாதிரி வயர் அந்த உரசலைக் காதுக்குக் கொண்டுபோகிறது. காதை அடைக்கிற வகையில் இது மோசம். வயரைக் காதுமடலுக்கு மேலால் சுற்றிப் பின்கழுத்தால் இறக்கி, கொலரில் கிளிப்பால் பிடித்து, ரீசேர்ட்டுக்கு உள்ளால் பைக்கு விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். எடை தூக்குகிறவர்களுக்கும் இந்த முறைதான் பாதுகாப்பு. முன்னால் தொங்குகிற வயர் பாரில் மாட்டினால் காதோடு இழுத்துவிடும். ஸ்கிப்பிங் கயிறு அடிக்கிறவர்களுக்கு மட்டும் வயர் சரிவராது. அந்தப் பத்து நிமிடம் போனை நிலத்தில் வைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள்.

பெயர் சொல்லச் சொல்வீர்கள் என்று தெரியும். ஜேபிஎல் எண்டுரன்ஸ் ரன் வயர் வகைக்கு ஐபிஎக்ஸ் 5 இருக்கிறது, வயரைக் காதுக்கு மேலாலும் போடலாம், நேராகவும் விடலாம். ஜிம் ஆட்களுக்கு ஏற்றது. கொஸ் கேஎஸ்சி 75 காதுமடலில் கொளுவுகிற திறந்த வகை, வெளிநாட்டில் ஏறத்தாழ 20 டொலர். சொந்தக்காரர் யாராவது வரும்போது சொல்லிவிட்டால் கொண்டுவருவார்கள், தெருவில் நடக்கிறவர்களுக்கு அருமையானது. கேஇசட் போன்ற சீன நிறுவனங்களின் ஹெட்செட் பலவற்றில் வயரைக் கழற்றலாம். வயர் போனால் வயரை மட்டும் வாங்கிப் பூட்டிவிடலாம் என்பதால் நீண்டகாலத்தில் இதுதான் மலிவு. ஜேபிஎல், சொனி என்ற பெயர்களோடு கொப்பிகளும் சந்தையில் நிறைய உலாவுகின்றன. 500 ரூபாவுக்கு ஒன்றை நீட்டி ஒரிஜினல் என்றால் நம்பாதீர்கள்.

கடையில் உங்கள் போனிலேயே செருகிப் பாருங்கள். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போட்டு, பின்னை மெதுவாகச் சுழற்றுங்கள், கரகரக்கக் கூடாது. பாடுகிறவரின் குரல் இரண்டு காதுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குரல் மறைந்து வாத்தியம் மட்டும் கேட்டால், போனின் தடித்த உறை பின்னை முழுதாக உள்ளே போக விடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், நின்ற இடத்தில் இரண்டு துள்ளு துள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை, காசு உங்களுடையது. சில கடைகளில் காதுக்குள் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், சுகாதாரத்தைப் பார்த்தால் அது நியாயம்தான். உங்களிடம் இருக்கிற றப்பர் முனைகளைக் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஹெட்செட் பின் செருகுகிற உருண்டைத் துளை இல்லாத போன் வைத்திருப்பவர்கள் ரைப்-சி அடப்ரர் வாங்குவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குள் ஒலியை மாற்றிக் கொடுக்கிற சின்னச் சில்லு இருக்கும், மற்றதில் வெறும் வயர்தான். வெறும் வயர் வகை சில போன்களில் மட்டும்தான் வேலை செய்யும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் போனைக் கொண்டுபோகச் சொல்கிறேன். நேரடியாக ரைப்-சி முனை உள்ள ஹெட்செட்டை ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உருண்டைப் பின் இழுபட்டால் சுழன்று கொடுக்கும், ரைப்-சி சுழலாது, அந்த நெம்பல் முழுவதையும் போனின் சார்ஜ் துளை வாங்கும். அதைத் திருத்துகிற செலவில் நாலு ஹெட்செட் வாங்கலாம். வீட்டில் லாச்சிக்குள் உருண்டைத் துளையோடு ஒரு பழைய போன் கிடந்தால் அதற்குள் பாட்டுகளை ஏற்றி, பயிற்சிக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று எறிந்துவிடவும் வேண்டாம். அனேகமாகக் காது அழுக்கு, ஒலி வருகிற வாயில் இருக்கிற சின்ன வலையை அடைத்திருக்கும். முனையைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மிருதுவான பிரஷால் தட்டுங்கள், தண்ணீர் படக்கூடாது. றப்பர் முனைகளை மட்டும் சவர்க்காரத்தில் கழுவி நன்றாகக் காயவையுங்கள். ஈர முனையைத் திரும்பத் திரும்பப் போட்டால் எங்கள் காலநிலைக்குக் காதில் பங்கசு பிடிக்கும். ஹெட்செட்டை நண்பர்களோடு மாற்றிப் போடவும் வேண்டாம். காதுக்குள் கடியோ வலியோ இருந்தால் ஹெட்செட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்தில் றப்பர் முனைகளைத் தனியாக, சோடி சோடியாக விற்கிற கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து கடை சேர்ந்தால் ஒவ்வொன்றாகப் போய், எந்த அளவு, என்ன விலை என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.