வியர்க்காத உடம்பும் வேலூர் வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. இதில் கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆற்றைப் பற்றி இன்றைக்கு வேண்டாம், பேசினால் நேரம் போதாது. மரமில்லாத மலைதான் எனக்கு வேண்டும். பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி நம் வீட்டுக்குள் திருப்பி விடுகிறதே, அந்த மலை. அந்தச் சூட்டில், தைராய்டு குறைவாகச் சுரக்கும் உடம்பை எப்படி ஓட்டுவது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். என் கழுத்தில் இருக்கும் சுரப்பியும் இருபது வருடமாகச் சரியாக வேலை செய்வதில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு குறைவு என்றால் குளிர்தான் ஆகாது, வெயிலுக்கு என்ன என்று பலர் கேட்பார்கள். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். சுரப்பு குறைந்தால் உள்ளே அடுப்பு மந்தமாக எரிகிறது, குளிர் தாங்காது. சுரப்பு மிஞ்சினால் வெயில் தாங்காது. ஆனால் அதே பாடத்தில் இன்னொரு வரியும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. சுரப்பு குறைந்தவர்களுக்குத் தோல் வறண்டுபோகும், வியர்வை குறையும்.

எங்கள் வீட்டில் நாத்தனார் சொல்வார்: "உங்களுக்கென்ன அண்ணி, கத்திரி வெயில்லகூட முந்தானையால முகம் துடைக்க வேண்டியதில்ல." நானும் அதை ஒரு வரம் என்றே நினைத்திருந்தேன், ஒரு சித்திரைக் கிருத்திகைக்கு வள்ளிமலை ஏறும் வரை.

காலை பத்து மணி. வெறுங்கால். பாறையில் வெட்டிய படி. பாதி தூரம் போவதற்குள் கூட வந்தவர்கள் எல்லோரும் நனைந்து போயிருந்தார்கள். நான் மட்டும் காய்ந்த துணி மாதிரி இருந்தேன். முகம் தீயாக எரிந்தது, நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தது, படி இரண்டாகத் தெரிந்தது. மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "இன்னாம்மா, மூஞ்சி இப்படி செவந்து கெடக்குது, ஒரு பொட்டு வேர்வையக் காணோம்?" என்றாள். கேட்டுவிட்டுச் சொம்புத் தண்ணீரை அப்படியே என் பின்கழுத்தில் ஊற்றினாள். முப்பது வருடம் மருந்து கொடுத்தவளுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது காற்றே நம் உடம்பைவிடச் சூடு. அப்போது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ஒரே வழி வியர்வை காய்வதுதான். வியர்வை வராதவருக்கு அந்தக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. மற்றவர்கள் நனைந்து தப்பிக்கிறார்கள், நாம் காய்ந்தே வேகிறோம்.

அதனால் நான் சொல்வது, வியர்வையை வெளியிலிருந்து கடன் வாங்குங்கள். பருத்தித் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து பின்கழுத்து, முன்கை, முழங்காலுக்குக் கீழே என்று ஒற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். காய்ந்தால் திரும்ப நனையுங்கள். சென்னைக்காரர்களிடம் இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம், துண்டு காய நேரமாகும். நம் ஊர்க் காற்று வறண்டது, நிமிஷத்தில் காய்ந்துவிடும். காய்கிற வேகத்தில்தான் குளிர்ச்சி. வறண்ட உடம்போடு உச்சி வெயில் நேரத்தில் விசிறியை முழு வேகத்தில் வைப்பது, அடுப்புக்கு ஊதுகுழல் பிடிப்பது மாதிரி.

மலையிலிருந்து வந்த பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, அதாவது நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையின் அளவு எனக்குப் போதவில்லை. அளவைக் கூட்டினார்கள். அடுத்த கோடையில் எனக்கும் கொஞ்சம் வியர்த்தது, முந்தானையால் துடைத்தேன். நாத்தனாருக்குத்தான் ஏமாற்றம். அளவு சரியாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வியர்வை திரும்பிவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தப் பரிசோதனையை எப்போது செய்வது? கத்திரி தொடங்கியபின் ஓடாதீர்கள். மாத்திரையின் அளவை மாற்றினால் உடம்பு ஒரு நிலைக்கு வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி. பின்னோக்கி எண்ணினால் மாசி மாதம். மாசியில் பார்த்துவிட்டால், அளவை மாற்ற வேண்டியிருந்தாலும் கத்திரிக்குள் சரியாகிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. இதுவரை வியர்க்காதவருக்குத் திடீரென்று ஆறாக வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தேநீர் டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது, எடை இறங்குகிறது என்றால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை அளவு மிஞ்சியிருக்கலாம். ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயத்து அனலும் இதே மாதிரி வரும். எது எது என்று ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல முடியாது.

அப்புறம், எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஒரு ஆதங்கம். "இங்கிலீஷ் மருந்து சூடு, கோடை முடியட்டும்" என்று பங்குனியிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா அப்படிச் செய்தார். பத்து நாள் கழித்து என்னிடம் வந்து, "பார்த்தியா, ஒண்ணும் ஆகல, வயிறுகூட குளுமையா இருக்கு" என்றார். ஆகாதுதான். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் போல ஆகும். பத்து நாளில் பழைய கையிருப்பில்தான் வண்டி ஓடுகிறது. ஆனி பிறந்தபோது அந்த அக்காவின் முகம் ஊதியிருந்தது, குரல் தடித்திருந்தது, பகலிலேயே தூக்கம். பழியை வெயில்மேல் போட்டார்.

மாத்திரை புதிதாக ஒரு சூட்டைக் கொண்டுவருவதில்லை. உடம்பில் இருக்க வேண்டிய ஒன்று குறைகிறது, அதை நிரப்புகிறோம், அவ்வளவுதான். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இந்த நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 வருடம் வாழ்ந்தார், மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே. நமக்கு ஆட்டுச் சுரப்பி தேடும் வேலை இல்லை, ஒரு சின்ன மாத்திரை.

அந்தச் சின்ன மாத்திரைக்கும் வெயில் ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. 100 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான அளவு சூட்டிலும் வெளிச்சத்திலும் ஈரத்திலும் கெடும். நான் பார்த்த இடங்களைச் சொல்கிறேன்: அடுப்புக்கு மேல் தட்டு, ஃப்ரிட்ஜின் தலை, ஜன்னல் திண்டு, காட்பாடி ஸ்டேஷனில் நாள் பூராவும் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் டிக்கி. சீட்டைத் தொட்டால் கை சுடுகிறது, உள்ளே மாத்திரை என்ன ஆகும்? லேபிளில் எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும், ஒருமுறை கண்ணாடி போட்டுப் படியுங்கள். தகர ஷீட் வீடு என்றால் தரையை ஒட்டிய அலமாரிதான் குளிர்ச்சியான இடம். ஃப்ரிட்ஜுக்குள் நான் வைப்பதில்லை, எடுத்து எடுத்து வைப்பதில் ஈரம் கோர்க்கும். சித்திரை, வைகாசியில் மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்காமல், மாதா மாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோடையில் காலைப் பழக்கம் மாறிவிடும், அதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்ததும் கேழ்வரகுக் கூழும் மோரும் குடிப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து, மாத்திரையை உடம்புக்குள் போக விடாமல் மறிக்கும். வெறும் தண்ணீரில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் கூழ். காபியும் அப்படியே. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை போடுகிறவர்கள் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், சரி. ஆனால் தைராய்டு ரொம்பக் குறைந்திருக்கும்போது உடம்பு அதிகப்படி தண்ணீரை வெளியேற்றத் திணறும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்புப் போட்ட நீர்மோர், நுங்கு, எலுமிச்சைச் சாறு என்று கலந்து குடியுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள். வெயிலில் போய் வந்தவர் சம்பந்தம் இல்லாமல் பேசுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால், வியர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுவதும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். இந்த அறையில் ஏசி ஓடுகிறது, வெளியே மணி பன்னிரண்டரை. பையில் குடையும் நனைத்துப் பிழிந்த துண்டும் இருக்கின்றன. சத்துவாச்சாரி பஸ் வரும்வரை அந்த ஈரம் தாங்கும். வணக்கம்.