கை வச்சுப் பாருங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வெயில், மழை, குளிர்னு மூணு காலத்துலயும் வீட்டு நாயை எப்படிப் பாத்துக்கணும்னு பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. நான் டாக்டர் கிடையாது, 20 வருஷத்துக்கு மேல நாய்ங்களோட வாழ்ந்துட்டிருக்கேன், அந்தப் பழக்கத்துல தெரிஞ்சதையும் டாக்டருங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததையும்தான் சொல்லப் போறேன். அதுல ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. நாயைக் கண்ணால பாத்தா போதாது, கை வச்சுப் பாக்கணும்.

முதல்ல வெயில். நமக்கு உடம்பு முழுக்க வேர்க்குது, வேர்வை காயக் காய சூடு இறங்குது. நாய்க்கு வேர்க்குறது பாதத்துக்கு அடியில மட்டும்தான், அது எந்த மூலைக்குப் பத்தும்? அதனாலதான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு இரைக்குது, அந்த மூச்சுல வாயில இருக்குற ஈரம் காஞ்சு உள்சூடு கொறையுது. ஆனா காத்துல ஈரப்பதம் ஜாஸ்தியா இருந்தா துணி காயாம கெடக்கும்ல, அதே மாதிரி நாக்கு ஈரமும் காயாது. அதனால வெயில் சுள்ளுனு அடிச்சாதான் ஆபத்துன்னு நினைக்காதீங்க, மேகம் மூடிக்கிட்டு புழுக்கமா இருக்குற நாளும் நாய்க்குக் கெட்ட நாள்தான். பக், புல்டாக், பாக்ஸர் மாதிரி சப்ப மூக்கு நாய்ங்களுக்கு இன்னும் கஷ்டம், மூச்சுப் போற பாதையே அதுங்களுக்குக் குறுகல்.

என்கிட்ட ரோஸின்னு ஒரு லேப்ரடார் இருந்தா, அப்ப அவளுக்கு நாலு வயசு, பந்துன்னா உயிரு. ஒரு ஞாயித்துக்கிழமை எந்திரிக்க லேட் ஆயிடுச்சு, எட்டரை மணிக்கு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு வெயில்கூட பெருசா இல்ல. நான் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கேன், அவ ஓடி ஓடி எடுத்துட்டு வந்துக்கிட்டே இருக்கா. களைச்சா அவளே உக்காந்துருவான்னு நினைச்சேன். இங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன், ஏன்னா பந்து மேல பைத்தியமா இருக்குற நாய் தானா நிறுத்தாது, நாமதான் நிறுத்தணும். ஒரு தடவை பந்தை எடுக்கப் போனவ பாதி வழியிலயே நின்னுட்டா, அப்புறம் பின்னங்கால் ரெண்டும் பின்னிக்கிச்சு, அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டா. ஓடிப் போய் உதட்டைத் தூக்கிப் பாத்தா ஈறு செங்கல் நிறத்துல இருக்கு, எச்சில் பசை மாதிரி கெட்டியா வழியுது, வயித்துல கை வச்சா அப்படிக் கொதிக்குது, இப்ப சொல்றப்பக்கூட அந்தச் சூடு என் கையில தெரியுது.

பக்கத்துல தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஒரு குழாய் இருந்துச்சு. அதைப் பிடிச்சு வயிறு, தொடை, கக்கம்னு ஊத்திக்கிட்டே டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். மொதல்ல அங்கயே உடம்பைக் குளிர வைங்க, அப்புறம் வண்டியில ஏத்துங்க. தண்ணியை ஊத்திக்கிட்டே இருங்க, கூடவே விசிறுங்க. ஈரத் துண்டைப் போட்டு மூடி வைக்காதீங்க, கொஞ்ச நேரத்துல அந்தத் துண்டே சூடாகி கம்பளி மாதிரி ஆயிடும். வாயில வலுக்கட்டாயமா தண்ணி ஊத்தாதீங்க, அதுவா குடிச்சா குடிக்கட்டும்.

டாக்டர்கிட்ட போய் டெம்பரேச்சர் பாத்தப்ப 41 டிகிரி செல்சியஸ், தண்ணி ஊத்துன பிறகும் அவ்வளவு. நாய்க்கு நார்மலே சுமாரா 38.3-லேர்ந்து 39.2 வரைக்கும் இருக்கும், நம்மளவிட கொஞ்சம் ஜாஸ்தி. 39 தாண்டி ஒரு அரை டிகிரிக்குள்ள வந்ததும் குளிர வைக்கிறதை நிறுத்திட்டாங்க, அதுக்கு மேல பண்ணா உடம்பு ரொம்ப இறங்கிப் போயிடுமாம். சாயங்காலமே ரோஸி வாலாட்டிட்டா, ஆனா டாக்டர் வீட்டுக்கு விடல, ரெண்டு நாள் வச்சிருந்தார். வெப்பத் தாக்கம் கிட்னியைத் தாக்கும், ரத்தம் உறையுறதையும் கெடுக்கும், அது தாமதமாதான் வெளிய தெரியும். எந்திரிச்சு நடந்துட்டா சரியாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. ரோஸி அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் நல்லா இருந்தா, ஆனா வெயில் நாள்ல எட்டரை மணிக்கு நான் எந்த நாயையும் வெளிய கூட்டிட்டுப் போனதே இல்ல.

சரி, ரோடு. இது என்னோட ரொம்ப நாள் ஆதங்கம். நாம செருப்புப் போட்டுக்கிட்டு நடக்குறோம், பக்கத்துல அது வெறுங்காலோட வருது. காத்து வெப்பம் 25 டிகிரி இருக்குறப்பவே நேர் வெயில்ல கெடக்குற தார் ரோடு 50 டிகிரியைத் தாண்டிடும், அதுல பாதம் பொத்துப் போயிடும். வாசல் தாண்டுனதும் குனிஞ்சு புறங்கையை ரோட்டு மேல வைங்க, மனசுக்குள்ள ஏழு எண்ணுங்க, வைக்க முடியலையா, அப்படியே திரும்பிடுங்க. தினமும் பண்ணுங்க, நேத்து பாத்தோமேன்னு விடாதீங்க.

நிறுத்துன கார்ல நாயை விட்டுட்டுப் போறவங்க தயவு செஞ்சு கேளுங்க. வெளிய 21 டிகிரிதான், நல்ல இதமான நாள்னு வைங்களேன், பத்தே நிமிஷத்துல கார் உள்ள 32 ஆயிடும், அரை மணி நேரத்துல 40. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் பெருசா ஒண்ணும் கொறையாது. அப்புறம், வெயில் காலம்னு ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர் மாதிரி ரெட்டை முடி நாய்ங்களை மொட்டை அடிக்காதீங்க, அந்த முடி வெயிலையும் தடுக்குது, சீவி உதிர்ந்த முடியை எடுத்து விட்டா போதும்.

மழைக் காலம் வந்தா எனக்கு உண்ணி பயம்தான். மறுபடியும் கைதான். தினமும் ராத்திரி காது மடல் உள்ள, காலர் அடியில, கக்கத்துல, விரல் இடுக்குலன்னு தடவிப் பாருங்க, பருப்பு சைஸ்ல ஏதாவது தட்டுப்படும். சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும். மண்ணெண்ணெய் ஊத்துறது, தீக்குச்சியால சுடுறதெல்லாம் வேணவே வேணாம். ரத்தம் குடிச்சு உப்புன பெண் உண்ணி கீழ விழுந்து சுவர் விரிசல்ல போய் ஆயிரக்கணக்குல முட்டை போடும், அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டுட்டு அது படுக்குற இடத்தை விட்டுட்டா திரும்பத் திரும்ப வந்துக்கிட்டேதான் இருக்கும். சாப்பாட்டை வெறுக்குது, மந்தமா கெடக்குது, காய்ச்சல் அடிக்குது, மூக்குல ரத்தம் வருதுன்னா உண்ணி கடியால வர்ற டிக் ஃபீவரா இருக்கலாம், ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, நாள் தள்ளாதீங்க. இன்னொண்ணு, வீட்ல பூனையும் இருந்தா, நாய்க்குன்னு விக்கிற பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு விஷம், அதைப் போட்ட நாய்கிட்ட பூனை வந்து உரசிப் படுத்தாக்கூட ஆபத்து.

தேங்குன தண்ணியில எலி மூத்திரம் கலந்திருந்தா எலிக்காய்ச்சல் வரும், அது நாய்கிட்டேர்ந்து நமக்கும் தொத்தும், அதுக்குத் தடுப்பூசி இருக்கு, வருஷா வருஷம் போடணும். நனைஞ்சு வந்தா விரல் இடுக்கையும் தொங்குற காதோட உள்பக்கத்தையும் தொடச்சு விடுங்க. மேல முடி காஞ்ச மாதிரிதான் தெரியும், விரலை உள்ள விட்டுப் பாத்தாதான் ஈரம் தெரியும்...

இன்னும் ஒரு நிமிஷம்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுறாங்க. குளிருக்குன்னு நிறைய எழுதி வச்சிருந்தேன், வேகமா சொல்லிடறேன். வயசான நாய்க்கு குளிர்ல மூட்டு வலி கூடும், அது படுக்குற தரையில கை வச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா தரையிலேர்ந்து கொஞ்சம் உயர்த்தி படுக்கை போடுங்க. கார் ரேடியேட்டர்ல ஊத்துற கூலண்ட் இனிப்பா இருக்கும், நாய் நக்கிடும், எத்திலீன் கிளைக்கால் இருக்குற கூலண்ட் கொஞ்சம் போனாலே கிட்னி போயிடும், சிந்துனா உடனே கழுவி விடுங்க. காய்ச்சலுக்கு நாம போடுற மாத்திரையை நாய்க்குக் குடுக்காதீங்க.

கடைசியா இடி, வெடிச் சத்தம். பயந்துபோய் கதவு தொறந்திருக்குற நேரம் பாத்து ஓடிப் போயிடும், அப்படித்தான் நிறைய நாய் தொலைஞ்சு போகுது. காலர்ல உங்க போன் நம்பர் போட்ட டேக் இருக்கான்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க, எழுத்து தேஞ்சிருந்தா நாளைக்கே மாத்திடுங்க. வணக்கம்.