நடவா, களையா? வீடியோவில் வேலையை அடையாளம் காணும் கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வயல். வரப்பில் ஊன்றிய கம்பில் ஒரு கேமரா. சேற்றில் பத்துப் பேர் குனிந்து நிற்கிறார்கள். அந்த வீடியோவிலிருந்து ஒரே ஒரு படத்தை உருவி, இவர்கள் நடுகிறார்களா, களை பறிக்கிறார்களா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பயிரின் உயரத்தைப் பார்த்து ஊகிக்கலாம். ஆட்களின் உடம்பை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

வீடியோவை ஓடவிட்டால் தெரிந்துவிடும். நடுகிறவர் இடக்கையில் நாற்று முடியைப் பிடித்து, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து ஊன்றி, பின்னால் நகர்வார். களை பறிக்கிறவர் முன்னால் போவார். கை வெறுமனே இறங்கும், களையோடு ஏறும். நடவு வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஊன்றிய நாற்றைப் பிடுங்கிக்கொண்டே முன்னேறுவது போல இருக்கும்! படம் அதேதான், வரிசைதான் மாறியது. செயலை அடையாளம் காண்பதில் உள்ள சிக்கல் முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சுவீடன் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-இல் இதை அழகாகக் காட்டினார். ஆளின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள், சுற்றிலும் இருட்டு. அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். நடந்தால், பார்ப்பவருக்கு உடனே மனிதன் தெரிகிறான்.

கணினிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, படங்களை அப்படியே கொடுப்பது. 112-க்கு 112 புள்ளி (பிக்சல்) அளவில் 16 ஃபிரேம், அதாவது வீடியோவின் 16 தனித்தனிப் படங்கள், மூன்று நிறம் என்றால் 6,02,112 எண்கள். இன்னொன்று, முதலில் உடம்பின் 17 இடங்களை, அதாவது தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்றவற்றைக் கண்டுபிடித்து, அவற்றின் நகர்வை மட்டும் கொடுப்பது. இடத்துக்கு இரண்டு எண் (குறுக்கே எங்கே, மேலே கீழே எங்கே) என்று வைத்தால், அதே 16 ஃபிரேமுக்கு ஆள் ஒருவருக்கு 544 எண்கள் போதும்.

இரண்டாவது சிக்கனமாகத் தெரிகிறதல்லவா? வயலில் இறங்கினால் பாடுபடுத்தும். கணுக்கால் சேற்றுக்குள் மறைந்திருக்கும். தூக்கிச் செருகிய சேலை முழங்காலை மறைக்கும். காலை வெயிலில் தேங்கிய நீரில் ஆளின் நிழலுருவம் தலைகீழாகத் தெரிய, அதையும் ஓர் ஆளாக எண்ணிவிடும். கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி, சூரியனுக்கு முதுகு காட்டி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

முதல் வழியின் ஆபத்து வேறு. அது ஆளைப் பார்ப்பதில்லை, சேற்றைப் பார்க்கிறது. கலங்கிய நீர் தெரிந்தால் நடவு, பச்சை தெரிந்தால் களை என்று குறுக்கு வழி பிடித்துக்கொள்ளும். 2012-இல் வந்த யுசிஎஃப்101 என்ற பயிற்சி வீடியோத் தொகுப்பில் 101 செயல்கள், 13,320 வீடியோத் துண்டுகள். அதிலேயே பல செயல்களைப் பின்னணியைப் பார்த்தே சொல்லிவிடலாம்; நீச்சல்குளம் தெரிந்தால் நீச்சல்தானே! 2014-இல் வந்த இரட்டை ஓடை முறை, ஒரு பக்கம் படத்தையும் இன்னொரு பக்கம் படத்துக்குப் படம் பிக்சல்கள் நகர்வதையும் தனித்தனியே படித்தது. இந்த நோய்க்கு ஓரளவு மருந்து, அவ்வளவுதான்.

ஃபிரேம் எடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நொடிக்கு 25 ஃபிரேம் பதிவாகிறது. பத்து நொடிக்கு 16 ஃபிரேம் என்று எடுத்தால் இரண்டுக்கும் இடையே அரை நொடிக்கு மேல் இடைவெளி. கை இறங்கி ஏறுவது அதற்குள் நழுவிவிடும். நாலுக்கு ஒன்று வீதம் எடுங்கள். 16 ஃபிரேமில் சுமார் இரண்டரை நொடி அடங்கும். பயிற்சிக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பினால் பாதகமில்லை, இடக்கைக்காரர் ஒருவர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி. காலத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள்.

வரப்பில் நடப்பது, தண்ணீர் குடிப்பது, இடுப்பைப் பிடித்து நிமிர்வது எல்லாவற்றுக்கும் ‘வேறு’ என்று ஒரு லேபிள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்தவரையும் நடவுக் கணக்கில் சேர்த்துவிடும். நூறில் தொண்ணூறு துண்டு நடவாக இருந்தால், எதைக் காட்டினாலும் நடவு என்று சொல்லும் சோம்பேறி மாடலும் (பழக்கிய கணினி நிரலும்) தொண்ணூறு மதிப்பெண் வாங்கும். ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள்.

சோதனைக்கு அதே வயலின் துண்டுகளை எடுக்கக் கூடாது. இரண்டு வயலில் பழக்கி, மாடல் கண்ணிலேயே படாத மூன்றாவது வயலில், வேறு ஆட்களை வைத்துப் பாருங்கள். அங்கே மதிப்பெண் சரிந்தால், அது படித்தது கையசைவை அல்ல, முதல் இரண்டு வயலின் சேற்றை.