ஹல் நகரத்துச் சாலைக்குப் பெயர் தந்தவர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹல் என்று ஒரு துறைமுக நகரம். ஹம்பர் பாலத்தின் பக்கமிருந்து அந்த ஊருக்குள் நுழையும் பெரிய சாலைக்கு 'கிளைவ் சல்லிவன் வே' என்று பெயர். மன்னரோ மந்திரியோ இல்லை, ரக்பி லீக் ஆடிப் பிழைத்தவர். அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஆட்டம். ரக்பியில் இரண்டு வகை. 1895-இல் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடி, பழைய சங்கத்தை விட்டு வெளியேறின. காரணம், கூலிதான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவன் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்டக் காசு கொடுக்கலாமா என்பதே சண்டை. கூடாது என்றவர்கள் யூனியன், கொடுப்போம் என்றவர்கள் பிற்காலத்தில் லீக். லீக்கில் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கபடியில் பிடிப்பதுபோல் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ஒரு 'டிரை'.

சல்லிவன் 1943-இல் வேல்ஸின் கார்டிஃபில் பிறந்தவர், கறுப்பினத்தவர். சின்ன வயதில் கால்களிலும் தோளிலும் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சை. இந்தப் பையன் சரியாக நடப்பதே சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு ரக்பி ஆட்டத்தில் இவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் விடவில்லை. 1961-இல் ஹல் அணி இவர் பெயரை மறைத்து, 'மிஸ்டர் எக்ஸ்' என்று போட்டு ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பார்த்தது. மூன்று டிரை! உடனே ஒப்பந்தம். அந்த அணிக்காக மொத்தம் 250 டிரை அடித்தார். 1963-இல் கார் விபத்தில் உயிர் போகப் பார்த்தது, அதையும் தாண்டி வந்து ஆடினார்.

சரி, கார்டிஃப்காரர் ஏன் ஹல்லுக்குப் போக வேண்டும்? லீக்கில் நிறபேதம் இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் அப்படி எளிதாகச் சொல்ல மாட்டேன். வேல்ஸ் யூனியன் அணியில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடியது 1980களில்தான். சொந்த ஊரில் கதவு சாத்தியிருந்தது, வடக்கே சம்பளத்தோடு திறந்திருந்தது. அவ்வளவுதான்.

1972-இல் அவரைப் பிரிட்டன் அணிக்குக் கேப்டன் ஆக்கினார்கள். எந்த விளையாட்டிலும் பிரிட்டன் தேசிய அணி ஒன்றுக்குக் கேப்டன் ஆன முதல் கறுப்பினத்தவர் அவரே. இங்கிலாந்துக் கால்பந்து அணியில் ஒரு கறுப்பின வீரர் இடம் பிடிக்கவே 1978 ஆனது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கேப்டன் ஆன அதே 1972-இல் பிரான்சில் ரக்பி லீக் உலகக் கோப்பை. லியோனில் இறுதிப் போட்டி, எதிரே ஆஸ்திரேலியா. தன் பாதியில் பந்தை வாங்கிய சல்லிவன் கிட்டத்தட்ட மைதானத்தின் நீளம் முழுக்க ஓடி டிரை வைத்தார். ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. 10-10, கூடுதல் நேரத்திலும் சமன். இறுதிக்கு முந்தைய சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்ததால் கோப்பை பிரிட்டனுக்கு. அதற்கப்புறம் அரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வரவில்லை.

ஹல்லில் இரண்டு அணிகள், பரம வைரிகள். 1974-இல் இவர் எதிரணியான ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸுக்குப் போனார். அங்கேயும் 118 டிரை. இரண்டு பக்கமும் இவரை நேசித்தது. அந்த ஊரை அறிந்தவர்களுக்கு உலகக் கோப்பையைவிட இதுதான் ஆச்சரியம்! பிறகு பழைய அணிக்கே திரும்பினார். ரக்பி லீக் கிளப் அணிகள் மோதும் சேலஞ்ச் கோப்பையின் 1982 இறுதி சமனில் முடிந்து, லீட்ஸில் மறு ஆட்டம். 39 வயது சல்லிவனைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். ஆடினார், ஹல் ஜெயித்தது.

மூன்றே ஆண்டுகள். 1985-இல் புற்றுநோயில் இறந்தார், வயது 42. ஊர் அந்தச் சாலைக்கு அவர் பெயரை வைத்தது. மகன் ஆந்தனியும் அப்பாவைப் போல மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர்தான், செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் வேல்ஸுக்கும் ஆடினார்.

ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளிகளின் ஆட்டம் என்பதால் லண்டன் இதை நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. ரக்பி லீக் வீரர் ஒருவருக்கு முதன்முதலாக 'சர்' பட்டம் கிடைத்தது 2025-இல். வாங்கியவர் பில்லி பாஸ்டன். அவரும் கார்டிஃபில் பிறந்து வடக்கே பிழைக்கப் போன கறுப்பினத்தவர்தான். பட்டம் வந்தபோது அவருக்கு வயது 90.