விற்கத் தடை போட்ட பிரின்டர் ஓப்பன் சோர்ஸ் ஆகுமா?

[திரையில்: சுருள் காகிதம் மாட்டிய சிறிய இங்க்ஜெட் பிரின்டரின் கோட்டோவியம்]

2025-ல ஓப்பன் டூல்ஸ்னு ஒரு குழு, ஓப்பன் பிரின்டர்ங்கிற பேர்ல ஒரு இங்க்ஜெட் மெஷினை அறிவிச்சாங்க. இது ஓப்பன் சோர்ஸ், அதாவது வடிவமைப்பை யாரும் பார்த்து, மாத்தி, பயன்படுத்தலாம்னு விளம்பரம். உள்ளே ராஸ்பெர்ரி பை ஜீரோங்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு. கார்ட்ரிட்ஜ் எச்பியோடது. மை தீர்ந்தா நிரப்பிக்கலாம், "இது எங்க கம்பெனி மை இல்ல"ன்னு மெஷின் அடம்பிடிக்காது. பழுதானா பிரிச்சுச் சரிபண்ற மாதிரியே வடிவமைப்பு. பிரின்டர் கம்பெனிகள்கிட்ட மாட்டிக்கிட்டுத் தவிச்ச எல்லாருக்கும் இது நல்ல சேதி. தேவையான வேலையைத்தான் அவங்க கையில எடுத்திருக்காங்க.

ஆனா உரிமம்?

[திரையில்: "கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-என்சி-எஸ்ஏ 4.0". 'என்சி' மட்டும் சிவப்பு வட்டத்துக்குள்]

அந்த என்சிதான் பிரச்னை. 'நான்-கமர்ஷியல்'ங்கிறதோட சுருக்கம் அது. வரைபடத்தைப் பார்க்கலாம், மாத்தலாம், பகிரலாம். வணிகத்துக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது. இந்த நிபந்தனை இருக்கிற வரைக்கும் அது ஓப்பன் சோர்ஸ் இல்ல.

மென்பொருளுக்கான ஓப்பன் சோர்ஸ் வரையறை 1998-லயே வந்தாச்சு. எந்தத் துறைக்குப் பயன்படுத்தறதையும் உரிமம் தடுக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஹார்டுவேருக்குன்னு 2011-ல வந்த வரையறை இன்னும் ஒரு படி மேல போகுது: வரைபடத்தை வெச்சுத் தயாரிச்ச பொருளை விற்கவும் அனுமதி இருக்கணும்.

"விதி அப்படி, அதனால தப்பு"ன்னு இதோட நிறுத்தினா அது வறட்டு வாதம். அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கு.

[திரையில்: ஒரு கோப்பு நொடியில் நூறு பிரதிகளாகிறது. அருகில் ஒரே ஒரு சர்க்யூட் போர்டு, அப்படியே இருக்கிறது]

மென்பொருளை நகலெடுக்கக் காசு ஆகாது. பொருள் அப்படி இல்ல. போர்டு அடிக்கணும், பாகம் வாங்கணும், பூட்டணும், சோதிக்கணும். போர்டு அடிக்கிற ஆலைகள் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணு செஞ்சு தராது, மொத்தமாத்தான் ஆர்டர் எடுக்கும். இப்போ அந்தக் குழு சில வருஷம் கழிச்சுக் கலைஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோங்க. உங்க பிரின்டர்ல போர்டு போயிடுச்சு. வரைபடம் கையில இருக்கு. ஆனா எல்லாராலயும் போர்டு செஞ்சுக்க முடியுமா? யாராவது ஒரு மெக்கானிக் கைக்காசு போட்டு ஐம்பது போர்டு செஞ்சு, கொஞ்சம் லாபம் வெச்சு விற்கணும். அப்போதான் உங்க மெஷின் மறுபடி ஓடும். என்சி தடுக்கறது சரியா அந்த ஆளைத்தான்.

இதுக்குப் பிரின்டர் உலகத்துலயே ஒரு சாட்சி இருக்கு. 2005-ல இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்துல ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். தன்னோட பாகங்கள் பலதைத் தானே அச்சடிச்சுக்கற முப்பரிமாண பிரின்டர். உரிமம் ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் உரிமம், அதனால விற்கத் தடை இல்ல. யோசெஃப் புருஷா அந்த வடிவத்தை மெருகேத்தி, விற்று, செக் நாட்டுல ஒரு பெரிய கம்பெனியையே கட்டினார். ரெப்ராப்ல என்சி இருந்திருந்தா அந்தக் கம்பெனி பிறந்தே இருக்காது.

எதிர்த்தரப்பு பயத்தையும் சொல்லணும். வருஷக்கணக்கா உழைச்சு வடிவமைச்சதை ஒரு பெரிய ஆலை அப்படியே நகலெடுத்துப் பாதி விலைக்கு வித்தா வயிறு எரியும். முப்பரிமாண பிரின்டர் கம்பெனியான மேக்கர்பாட் 2012-ல தன் புது மெஷினோட வரைபடங்களை வெளியிடாம நிறுத்தினதுக்கும், ஓப்பன் சோர்ஸ் உரிமங்களை மறுபடி யோசிக்கணும்னு புருஷாவே 2023-ல எழுதினதுக்கும் பின்னால அந்தப் பயம் இருக்கு. நியாயமான பயம்தான்.

ஆனா என்சி அந்தப் பயத்துக்கு மருந்தான்னு பாருங்க. பதிப்புரிமை வரைபடக் கோப்புக்கு உண்டு. அதைப் பார்த்துச் செஞ்ச, வேலை செய்யற பொருளைப் பல நாட்டுச் சட்டங்கள்ல அது முழுசாக் கட்டுப்படுத்தாது. வக்கீல் படை வெச்சிருக்கிற ஆலைக்கு இது தெரியும். பயந்து ஒதுங்கப் போறது அந்த ஐம்பது போர்டு மெக்கானிக்தான்.

[திரையில்: "செர்ன் ஓப்பன் ஹார்டுவேர் உரிமம், பதிப்பு 2, 2020"]

வேற வழி இல்லாம இல்ல. ஐரோப்பாவோட செர்ன் இயற்பியல் ஆய்வகம் எழுதின இந்த உரிமத்துல எஸ் வகையை எடுத்தா, யாரும் தயாரிச்சு விற்கலாம், ஆனா மாற்றம் செஞ்சு வித்தா அந்த வரைபடத்தையும் வெளியிட்டாகணும். பேரை வணிகமுத்திரையாப் பதிவு செஞ்சுக்கலாம். மின்னணுப் பழகறவங்க பயன்படுத்தற குட்டி போர்டான ஆர்டுவினோவைச் செய்யறவங்க அப்படித்தான் செஞ்சாங்க: போர்டை யாரும் தயாரிக்கலாம், ஆர்டுவினோன்னு பேர் போட முடியாது.

ஓப்பன் டூல்ஸுக்கு உரிமத்தை மாத்த மனசு இல்லையா? அதுவும் அவங்க உரிமை. அப்போ "வரைபடம் பார்வைக்கு உண்டு, சொந்த உபயோகத்துக்குச் செஞ்சுக்கலாம்"னு விளம்பரத்துல எழுதட்டும். அதுவே பூட்டுப்போட்ட பிரின்டர்களை விட எவ்வளவோ மேல். காசு கட்டறவங்களுக்கும் எதுக்குக் கட்டறோம்னு தெரியும்.