கப்பல் தச்சர்கள் கட்டிய கோபுரம்

வணக்கம் மக்களே! மைக்கில் காற்று அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட், பிராவிடென்ஸ் ஊர், நார்த் மெயின் தெருவில் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே வெள்ளைக் கோபுரம், 185 அடி, தூரத்திலிருந்து பார்த்தால் கல் கட்டடம் என்றுதான் நினைப்பீர்கள். கிட்டே வந்து சுவரைத் தட்டுகிறேன், கேளுங்கள்... டொக் டொக். மரம்! மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பலகைகள், மேலே வெள்ளை பெயின்ட், அவ்வளவுதான்.

இது அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபையின் தேவாலயம். பாப்டிஸ்ட் என்றால் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. சபையை 1638-ல் தொடங்கியவர் இந்த ஊரை நிறுவிய போதகர் ரோஜர் வில்லியம்ஸ். வேடிக்கை என்னவென்றால், முதல் 60 வருஷத்துக்கு மேல் சபைக்கென்று கட்டடமே கிடையாது, வீடுகளில்தான் கூடினார்கள். கோபுரம், மணி எல்லாம் பகட்டு என்று ஒதுங்கியிருந்த ஆட்கள் இவ்வளவு உயரத்துக்கு எப்படிப் போனார்கள்? ஊரில் பிரவுன் குடும்பம் என்று பெரிய வணிகர்கள், அவர்களுக்கு ஆராதனைக்கும் இடம் வேண்டும், கல்லூரிப் பட்டமளிப்பு விழாவுக்கும் வேண்டும். அந்தக் கல்லூரிதான் இன்றைய பிரவுன் பல்கலைக்கழகம். வரைந்தவர் ஜோசப் பிரவுன், வியாபாரி, வானத்தைப் பார்ப்பதில் பைத்தியம், கட்டடக்கலை அவருக்குப் பொழுதுபோக்கு. லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் போட்டு, அங்கே கட்டாமல் விட்ட கோபுர வரைபடங்களில் ஒன்றை கிப்ஸின் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கட்டியது யார்? பாஸ்டனில் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் இல்லையா, அதற்குத் தண்டனையாக 1774-ல் பிரிட்டிஷ்காரர்கள் துறைமுகத்தையே மூடிவிட, வேலையில்லாமல் நின்ற கப்பல் தச்சர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1775-ல் கோபுரத்தைத் தூக்கி நிறுத்த ஆனது மூன்றரை நாள். மூன்றரை நாள்! எங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடிக்கு ஆசாரி மூன்று வாரம் இழுத்தார்.

உள்ளே 80 அடிக்கு 80 அடி, சதுரம். பலிபீடம் கண்ணில் படாது, முன்னால் உயரமான பிரசங்க பீடம், எல்லார் கண்ணும் பேசுகிறவர்மேல்தான். வண்ணக் கண்ணாடி இல்லை, பெரிய சாதாரண சன்னல்கள் வழியாக வெயில் அப்படியே பெஞ்சில் விழுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது. நடுவில் தொங்குகிற, அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் படிகச் சரவிளக்கு 1792-ல் வந்தது, எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், எனக்கென்னவோ கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கி மாட்டியது போல இருக்கிறது. கமெண்டில் திட்டாதீர்கள்.

1815-லும் 1938-லும் பெரும்புயல், இரண்டு முறையும் ஊருக்குள் கடல் புகுந்தது. கோபுரம் அப்படியே நின்றது. இருங்கள், எதிர்ப்பக்கம் போகிறேன், இங்கிருந்து உச்சி கேமராவுக்குள் அடங்கவே மாட்டேன் என்கிறது.