பூனைக்கும் உரிமம் வேண்டுமா? நாயை வெளியேற்றச் சொல்லச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் சென்னையிலிருந்து ஒரு சகோதரி எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு, மூன்றாவது தளம். ஒரு லாப்ரடார் நாய், இரண்டு பூனைகள். "மாநகராட்சி உரிமம் இல்லாத நாயை இந்த மாதத்துக்குள் வெளியேற்ற வேண்டும்" என்று சங்கச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டாராம். அபராதம் எவ்வளவு, வாசலைத் தாண்டாத பூனைக்கும் உரிமம் வேண்டுமா, மைக்ரோசிப் போட்டால் நாய் எங்கே போனாலும் செல்போனில் தெரியுமா, சங்கம் சொன்னால் நாயை அனுப்பித்தான் ஆக வேண்டுமா? ஒரே மூச்சில் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அபராதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோருடைய வயிற்றிலும் புளியைக் கரைப்பது அதுதான். பெருநகர சென்னை மாநகராட்சி எல்லைக்குள் உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய். உரிமம் எடுக்க 2025 நவம்பரில் முடிவதாக இருந்த கெடுவை டிசம்பர் வரை நீட்டித்தார்கள். உரிமக் கட்டணமோ ஆண்டுக்கு 50 ரூபாய்தான். ஐம்பது ரூபாய் கட்டாமல் ஐயாயிரம் கட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால், பலர் உரிமம் எடுக்காமல் இருப்பதற்குக் காரணம் கட்டணம் அல்ல. உரிமம் கேட்டுப் போனால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். அது கையில் இருக்காது.

இந்த விதிகளின் உயிர்நாடியே அந்த ஊசிதான். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி தோன்றிவிட்டால், அதன் பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் முன்கூட்டியே தடுக்க முடிந்த நோய் அது. உங்கள் வீட்டு நாய் இந்த ஆண்டு ஊசி போட்டுக்கொண்டதா என்பதை மாநகராட்சி எப்படித் தெரிந்துகொள்ளும்? வீடு வீடாக வந்து கேட்க முடியாது. அதனால்தான் ஆண்டுக்கு ஒரு முறை உரிமம், அதைப் பெறத் தடுப்பூசிச் சான்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது விளங்கிவிடும்.

உரிமத்துக்கு மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் புகைப்படம், முகவரிச் சான்று, பிராணியின் புகைப்படம், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். மாநகராட்சி கால்நடை மருத்துவர் சரிபார்த்து ஒப்புதல் தந்ததும் பணம் கட்டி உரிமத்தைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். நேரில் போக விரும்பினால் திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் தடுப்பூசி அட்டையால்தான். அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற 'நைன் இன் ஒன்' ஊசி ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதில் ரேபிஸ் தடுப்பு சேர்ந்திருக்காது. அது தனி ஊசி. மூன்று மாத வயதில் முதல் முறை, பிறகு மருத்துவர் சொல்கிற இடைவெளியில் அடுத்தது, அதன் பின் ஆண்டுதோறும். ஊசி போட்டதும் மருத்துவர் மருந்துக் குப்பியில் இருக்கும் சின்ன லேபிளை உரித்து அட்டையில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திடுவார். தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கும். லேபிளும் இல்லாமல், மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லாமல், பேனாவால் 'ஏ.ஆர்.வி.' (ரேபிஸ் தடுப்பூசி) என்று மட்டும் கிறுக்கிய அட்டையை வைத்துக்கொண்டு அலையாதீர்கள். ஊசி போட்ட இடத்திலேயே முறையான சான்றாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து மைக்ரோசிப். சகோதரி, அது செல்போனில் தெரியாது. பலரும் அதை ஜிபிஎஸ் கருவி என்று நினைக்கிறார்கள். அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழாய் அது. உள்ளே பேட்டரி கிடையாது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் தோலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, ஊசியால் உள்ளே செலுத்துவார்கள். ஊசி வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிமன்தான். நாய் ஒரு முறை சிணுங்கும், அவ்வளவே. மயக்க மருந்து தேவையில்லை. கையடக்கமான ஒரு ரீடரை முதுகுக்கு மேல் பிடித்தால் சிப்பிலிருந்து 15 இலக்க எண் திரையில் வரும். சிப்பில் இருப்பது அந்த எண் மட்டும்தான். உங்கள் பெயரும் முகவரியும் மாநகராட்சியின் கணினியில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும்.

வினை அங்கேதான். குட்டியை விற்றவரே சிப் போட்டுக் கொடுத்திருப்பார், பதிவில் அவருடைய செல்போன் எண் கிடக்கும். அல்லது நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள், எண் மாற்றியிருப்பீர்கள், பதிவை மாற்றியிருக்க மாட்டீர்கள். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாயை யாரோ நல்லவர் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ரீடரில் எண்ணும் வந்து, போன் மட்டும் வேறு யாருக்கோ போனால் என்ன பயன்? சிப் போட்ட அன்றே அந்த எண் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பூனை விஷயத்துக்கு வருகிறேன். மாநகராட்சியின் உரிம முறையில் நாய், பூனை இரண்டையும் பதிவு செய்யலாம். நடவடிக்கைகள் பெரும்பாலும் நாயைச் சுற்றியே நடப்பது உண்மைதான். அதற்காக பூனையை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனை என்கிறீர்கள். மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து மாடிப்படிக்குத் தாவத் தெரியாத பூனையை நான் இன்னும் பார்க்கவில்லை. ரேபிஸ் பூனைக்கும் வரும், பூனையின் கடியாலும் கீறலாலும் மனிதருக்கும் வரும். ஐம்பது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காமல் இரண்டுக்கும் ஊசி போட்டு, இரண்டையும் பதிந்துவிடுங்கள். படிக்கட்டில் நீங்கள் சோறு வைக்கிற தெருநாய் இதில் வராது. அது சமூக விலங்கு, அதாவது தனி உரிமையாளர் இல்லாமல் தெருவில் வாழும் பிராணி, அதற்கு 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தனியாக இருக்கின்றன. காது நுனியில் சிறிய வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் அதே நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டி வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் அது உங்கள் நாய். உரிமமும் உங்கள் பொறுப்பு. நாட்டு நாய்க்கு உரிமம் வேண்டாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஒன்றும் கிடையாது.

இன்னொரு வதந்தியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 23 இன நாய்களுக்குத் தடை என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை அது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பட்டியலைக் காட்டி உங்களை யாராவது மிரட்டினால் மிரள வேண்டாம். ஆனால் சென்னைக்குத் தனி முடிவு ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது உங்களுக்கு நினைவிருக்கும். 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை என்று மாநகராட்சி முடிவெடுத்தது. மீறிப் புதிதாக வாங்கி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமத்தோடு வளர்ப்பவர்கள் வெளியே கூட்டிவரும்போது கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் கட்டாயம். உங்கள் லாப்ரடாருக்கு இந்தத் தடை இல்லை. கழுத்துப்பட்டையும் கயிறும் மட்டும் எப்போதும் வேண்டும். "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே கயிறில்லாமல் லிஃப்டில் ஏறுகிறவர்கள் மீது எனக்குச் சற்றும் அனுதாபம் கிடையாது. நாய் ஒன்றும் செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் நிற்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இனிச் சங்கம். நேராகவே சொல்கிறேன், நாயை வெளியேற்றச் சொல்லச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கித் தீர்மானம் போட்டாலும் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது தெளிவாகவே இருக்கிறது. உரிமம் இல்லை என்பதற்கு அபராதம் போடுவது மாநகராட்சியின் வேலை, செயலாளரின் வேலை அல்ல. அந்த அறிவிப்புக்குப் பயந்து யாராவது நாயைக் கொண்டுபோய் வேறு பகுதியில் இறக்கிவிட்டால், அவர்கள்தான் குற்றவாளி ஆவார்கள். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எப்போதும் கட்டியே போட்டு, நடக்கவே கூட்டிப்போகாமல் வைத்திருப்பதும் அதே பிரிவில் குற்றம்தான். முதல் முறை என்றால் அதற்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. எப்போதோ போட்ட தொகை, இன்னும் உயரவில்லை. உரிமம் எடுக்காததற்கு ஐயாயிரம், ஒரு வாயில்லா ஜீவனை நடுத்தெருவில் விட்டதற்கு ஐம்பது. வேறென்ன சொல்ல!

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சங்கம் வேறு, வீட்டு உரிமையாளர் வேறு. வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலை நீட்டிப் பயனில்லை.

செயலாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் தடுப்பூசிச் சான்றைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். நடைபாதையில் நாய் அசிங்கம் செய்தால் அள்ளிப் போடுவது உங்கள் கடமை. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பாதிச் சங்கங்களில் சண்டையே வராது என்பது என் கணிப்பு.

சகோதரி கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று: நாய் யாரையாவது கடித்துவிட்டால்? காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம், பயப்படாதீர்கள்" என்று நீங்கள் வைத்தியம் சொல்லக் கூடாது. கடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாயையோ பூனையையோ 10 நாட்கள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். பயந்துபோய் நாயை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்களே, அவர்கள் செய்வது இருவருக்கும் கெடுதல். கடிபட்டவரின் மருத்துவருக்குத் தகவல் கிடைக்காது. உங்கள் மீதான சந்தேகமும் கூடும். கவனக்குறைவாகப் பிராணியை வைத்திருந்து அதனால் ஆபத்து நேர்ந்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து வரலாம். அந்த வழக்கில் உங்கள் பக்கம் பேசப்போகிற முதல் ஆவணங்கள் தடுப்பூசிச் சான்றும் உரிமமும்.

கோவை, மதுரை, திருச்சியிலிருந்து பார்க்கிறவர்கள் நான் சொன்ன தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது, ஐயாயிரம், ஒரு லட்சம் எல்லாம் சென்னை மாநகராட்சியின் கணக்கு. உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில் கேளுங்கள். நான் சொன்ன மத்தியச் சட்டங்கள் மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

சகோதரி, செயலாளருக்குப் பதில் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். உரிமத்துக்கு விண்ணப்பித்த எண்ணையும் தடுப்பூசிச் சான்றின் நகலையும் இணைத்து, 2015 வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, அறிவிப்பைத் திரும்பப் பெறும்படி நான்கு வரி எழுதினால் போதும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பழைய ஊசித் தேதி காலாவதியாகியிருந்தால் விண்ணப்பம் நிற்கும். அதனால் ஊசி முதலில், புதுப்பித்தல் பிறகு என்று இரண்டு தேதிகளையும் அந்த வரிசையில் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த கேள்வி தாம்பரத்திலிருந்து, சொத்து வரிப் பெயர் மாற்றம் பற்றியது.